வேட்டியில் விழுந்த மீன்

குருநாதனுக்குச் சாக்கோட்டைக்குப் பக்கத்தில் எட்டு ஏக்கர் நஞ்சை. அதற்குப் பாய்ச்ச ஒரு கண்மாய். மாசி கழிந்தால் அந்தக் கண்மாய்க்குள் ஆடு மேயும். சித்திரையில் இளவட்டங்கள் இறங்கிச் சடுகுடு ஆடுவார்கள். அப்படியிருந்தும் அவர் முன்னால் அந்தக் கண்மாயை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. பேசினால், ஐம்பத்தஞ்சாம் வருஷப் புயலில் அது நிரம்பி வழிந்து மூன்று நாள் மறுகால் போன கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் அவருடைய மனைவி அம்மாக்கண்ணு ஒரே பிடியாக நின்றாள். அவள் தம்பி மலையாண்டிக்குக் கொல்லத்தில் ஒரு முந்திரிக்கொட்டை ஆலையில் எடை போடுகிற வேலை. நாலு வருஷமாக வாருங்கள், வாருங்கள் என்று கடிதம் எழுதுகிறான். அங்கே காயல் என்று ஒன்று இருக்கிறதாம். வருஷம் பூரா வற்றாதாம்.

"வத்தாத தண்ணி எங்கிட்டு இருக்கு? சும்மா எழுதுவான்" என்றார் குருநாதன்.

"அதைப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

காரைக்குடியில் ரயில் ஏறி, மானாமதுரையில் மாறி, விருதுநகரில் மறுபடி மாறி, செங்கோட்டைக்கு அப்பால் குகைக்குள் நுழைந்து கரிப்புகையைக் குடித்து, ஒருவழியாகக் கொல்லம் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலை மலையாண்டி அவர்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனான். அவனுக்கு அன்று ஆலையில் லீவு கிடைக்கவில்லை. குஞ்சப்பன் என்கிற வள்ளக்காரனிடம் ஒப்படைத்து, "எங்க அக்கா, மச்சான். லைட் ஹவுஸ், அரண்மனை, எல்லாம் காட்டிக் கொண்டாந்து விட்ரு" என்று சொல்லிவிட்டு ஓடினான். குஞ்சப்பனுக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். எந்த அரை தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

குருநாதன் காயலைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். அதற்கு அப்பால் தென்னை. தென்னைக்கு அப்பால் மறுபடியும் தண்ணீர். கழுத்தளவு ஏறிய பொறாமையை விழுங்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு கண்மாய் வைத்திருக்கிற ஆள் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இதுக்கு மடை எங்குட்டு இருக்கு?"

குஞ்சப்பன் முழித்தான்.

"மடைப்பா. தண்ணி தொறந்து விடுற எடம். எத்தனை ஏக்கர் பாயுது?"

"பாயாது. உப்பு" என்றான் குஞ்சப்பன்.

குருநாதன் நம்பவில்லை. துறைப்படியில் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். முகம் கோணியது. பிறகு அந்தக் கோணலிலிருந்தே ஒரு சிரிப்பு முளைத்து முகம் முழுக்கப் பரவியது.

"பாத்தியாடி அம்மாக்கண்ணு. இம்புட்டுத் தண்ணி இருந்து ஒரு நாத்து நட முடியாது. நம்ம கம்மாயி நம்ம கம்மாயிதேன்."

"சரி, ஏறுங்க" என்றாள் அவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வள்ளம் என்றால் ஒடுக்கமான மரப் படகு. மூச்சை இழுத்து விட்டாலே ஆடும். கால் மணி நேரம் கரையை ஒட்டியே போனார்கள். அம்மாக்கண்ணு விரலைத் தண்ணீரில் விட்டுக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். குருநாதன் இரண்டு விளிம்பையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, ஜில்லா கலெக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி வந்தார்.

பின்னால் நின்று கம்பு ஊன்றிய குஞ்சப்பனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்பாகச் சொன்னான்: "பேடிக்கண்டா சேட்டா."

பயப்பட வேண்டாம் அண்ணே என்பது அதற்கு அர்த்தம். குருநாதன் காதில் விழுந்தது முதல் இரண்டு எழுத்து மட்டும்தான்.

"யார்ரா பேடி?" என்று எழுந்து நின்றார்.

வள்ளத்தில் ஒருவர் எழுந்து நின்றால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து, அவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, நிமிர்ந்துகொண்டது. அம்மாக்கண்ணு மேல் நாலு சொட்டுத் தெறித்ததோடு சரி.

குருநாதன் கையையும் காலையும் அடித்தார். "தண்ணி, தண்ணி" என்று கத்தினார். கரையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த ஊரில் தண்ணி என்றால் சாராயம். காலங்காத்தாலே குடித்துவிட்டு வந்து காயலில் விழுந்தது போதாமல் இன்னும் கேட்கிறானே என்று முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள் அம்மாக்கண்ணு. "எந்திரிச்சு நில்லுங்க."

"என்னாடி சொல்ற, நான் போயிக்கிட்டு இருக்கேன்."

"எங்கிட்டும் போகல. காலை ஊனி நில்லுங்க."

நின்றார். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

அவர் தாமே நடந்து கரையேறினார்.

கரையில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரி நல்ல மாதிரி. ஒரு கைலியைக் கொடுத்து, மரச்சீனிக்கிழங்கு அவித்து வைத்துவிட்டு, "ஊணு கழிச்சோ?" என்று கேட்டாள். குருநாதன் அம்மாக்கண்ணு பக்கம் சாய்ந்து, "இதையெல்லாமா பொம்பள கேப்பா?" என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள் என்று குஞ்சப்பன் விளக்கிச் சொன்ன பிறகுதான் கிழங்கைத் தொட்டார். தொட்டவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அவருடைய எட்டு முழ வேட்டியைக் குஞ்சப்பன் பிழிந்து, பக்கத்தில் தூக்கி நிறுத்தியிருந்த சீன வலையின் நடுவில் விரித்துப் போட்டிருந்தான். அது நாலு மூங்கில் கையில் கட்டின பெரிய வலை; கட்டில் மாதிரி அகலம். அடியிலும் காற்று, மேலேயும் காற்று. வேட்டி காய அதைவிட நல்ல இடம் கிடையாது. உண்ட மயக்கத்தில் எல்லோருமே கண்ணயர்ந்தார்கள்.

மத்தியானம் ஓதம் ஏறிக் காயலில் தண்ணீர் உயர்ந்ததும் வலைக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். வந்தவர்கள் பின்பக்கம் நின்று கயிற்றைத் தளர்த்தினார்கள். குருநாதன் கண்ணைத் திறந்தபோது அவருடைய வேட்டி, சரிகைக் கரை வேட்டி, மெல்ல மெல்லக் காயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், வேட்டி" என்றபடி கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். வலைக்காரருக்கு வேட்டி என்பது புரியவில்லை. ஓடி வருகிற ஆள் புரிந்தது. அவசரமாகக் கயிற்றை இழுத்தார்கள். வலை மேலே வந்தது. வலைக்குள் ஒரு மீனும் இல்லை. வேட்டிக்குள் இரண்டு மீன் துள்ளின; விரித்த கை அகலம், நல்ல கறுப்பு.

மீன் என்னுடையது என்றார் வலைக்காரர். வேட்டி என்னுடையது என்றார் குருநாதன். அந்த வேட்டியைத் தூக்கினது என் வலை என்றார் அவர். உன் வலையில் ஒரு பொடி மீன் கூட விழவில்லையே என்றார் இவர். குஞ்சப்பன் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். குருநாதன் பத்து வாக்கியம் பேசினால் அவன் ஒரு வார்த்தையில் முடித்தான். அதனால் அவருக்குச் சந்தேகம் வந்து சத்தத்தைக் கூட்டினார். கயிறு திரித்த பெண்கள் வேலையை விட்டு வந்து வட்டமாக நின்றார்கள்.

கடைசியில் அவர் கண்மாய்ச் சட்டத்தை எடுத்தார். "எங்க ஊர்ல கம்மாயி அழிஞ்சு ஊரே மீன் பிடிக்கிற அன்னைக்கு, எறங்கி நனைஞ்சவனுக்குத்தேன் மீன்ல பங்கு. கரையில நின்னவனுக்குக் கெடையாது. இன்னைக்கு இங்க நனைஞ்சவன் நான் ஒருத்தன்தேன். இவுக சாட்சி."

சாட்சிகள் ஒன்றும் புரியாமலேயே தலையாட்டினார்கள். வலைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். குருநாதன் கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவருக்கும் அடக்க முடியவில்லை.

மீனை அம்மாக்கண்ணு வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டு அடுப்பில் மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு அவள் ஒன்றைக் குழம்பு வைத்தாள். வீட்டுக்காரி குடம்புளி போட்டு இன்னொன்றை வைத்தாள். எது மேல் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது.

பொழுது சாயத் திரும்பும்போது அம்மாக்கண்ணு எழுந்து குஞ்சப்பனிடம் கம்பை வாங்கி ஊன்றினாள். வள்ளம் அவளுக்குப் பணிந்து நேராகப் போனது. குருநாதன் கைலியோடு அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து வந்தார்.

"என்ன மச்சான், லைட் ஹவுஸ் பாத்தீகளா? அரண்மனை பாத்தீகளா?" என்று துறையில் காத்திருந்த மலையாண்டி கேட்டான்.

"ஒண்ணும் பாக்கல மாப்ளே" என்றார் குருநாதன். "நாளைக்கும் இதே ஆளைச் சொல்லி வையி. ஊருக்குப் போற டிக்கெட்டைப் பொறவு பாத்துக்குவோம்."

வேட்டியை அம்மாக்கண்ணு இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்தாள். மலையாண்டி வீட்டுக் கொடியில் காயப்போட்டாள். காலையில் எழுந்து பார்த்தால், கொடிக்கு நேர் கீழே தெருப்பூனைகள் மூன்று வரிசையாக உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.