டேப்பின் மறுமுனை

அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வரும் எங்கள் கூட்டத்தில் வெர்லினுக்குத் தனி மரியாதை உண்டு. டகோட்டாவில் ஆயுள் முழுக்க டிராக்டர் விற்றவர். யாருடைய வண்டி மக்கர் செய்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிவைத்த சின்ன கேம்பர் வீட்டில் அவரும் மனைவி மார்லிஸும் எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே தங்குவார்கள்.

அந்த ஜனவரியில், கேம்பரின் பக்கவாட்டு அறைக்குள் பதித்திருந்த ஜெனரேட்டர் இருமி இருமி ஓய்ந்தது. பழுது பார்க்கும் ஒர்லீன் வந்து கழற்றிப் பார்த்தாள்.

“இது தேறாது. புதுசு வாங்கிடுங்க. இதே அளவுல, இதே மாதிரி கேஸ்ல ஓடுறதா பாருங்க. பைப் ஏற்கெனவே இருக்கு.”

வெர்லினுக்கு மனம் ஒப்பவில்லை. ஏசியும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், பெட்ரோலில் ஓடும் பெரியதுதான் சரி என்றார்.

“ரெண்டையும் எப்ப சேத்துப் போட்டோம்?” என்றாள் மார்லிஸ்.

அவர் அளக்கும் டேப்பை எடுத்தார். மறுமுனையை மார்லிஸ் பிடித்தாள். அவர் அளந்தது வெளிக்கதவுச் சட்டத்தை.

“வெர்லின், உள்ள தகரச் சுவர் இருக்கே? சுத்திக் காத்து போகவும் இடம் விடணும்ல?”

“டிராக்டர் வித்தவன்கிட்டயா சொல்ற? நீ ஆட்டாமப் பிடி, அது போதும்.”

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரியவந்தது. புது ஜெனரேட்டர் பெட்டி வந்த அன்று நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தோம். என் கணவர் ரோஸ்கோவும் இன்னும் மூன்று பேரும் ஜெனரேட்டரைத் தூக்கி அறையின் வாசலில் வைத்தார்கள். பாதி போனது. அதற்குமேல் நகரவில்லை. திருப்பி வைத்தார்கள், சாய்த்தார்கள். தகரம்தான் நெளிந்தது.

“அளந்தீங்களாப்பா, இல்ல கண்ணாலயே பாத்தீங்களா?” என்றார் ரோஸ்கோ.

வெர்லினின் கழுத்து சிவந்தது. “மார்லிஸ்தான் அந்தப் பக்கம் பிடிச்சா. சரியாப் பிடிக்கல போல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மார்லிஸ் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நின்றவர்களுக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனாள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அவள் காப்பி ஊற்றினால், “அளந்து ஊத்தும்மா, வழியப் போகுது!” என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக நாங்கள் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து துண்டுத்துணிப் போர்வை தைப்போம். அதில் துணி வெட்டுவது வருடா வருடம் மார்லிஸ்தான். அவள் வெட்டினால் நூல் அளவு பிசகாது. அந்த வாரம் எங்களோடு தைக்கும் வில்மா அவள் முன்னாலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

“நீ தையலைப் பாரு மார்லிஸ். அளக்கிற வேலை நமக்கு வேணாம், என்ன?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. மார்லிஸ் ஊசியில் நூல் கோத்தாள். கடைவீதியிலிருந்து ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த வெர்லின் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார். அவர் இதைக் கேட்டதை நான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினார்.

“வில்மா, அந்தக் கத்தரிக்கோலை அவகிட்டயே குடு. தப்பா அளந்தது நான். அவ அப்பவே சொன்னா, தகரம் இருக்கு, காத்துக்கு இடம் வேணும்னு. நீ பிடி, அது போதும்னு வாயை அடச்சேன். உங்க எல்லார் முன்னாலயும் பழியையும் அவ தலையில போட்டேன்.”

வில்மா கத்தரிக்கோலை மார்லிஸ் பக்கம் நகர்த்தினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மார்லிஸ் நிமிரவேயில்லை.

பெரிய ஜெனரேட்டரை ஒரு பண்ணைக்காரர் தன் கொட்டகைக்கு வாங்கிக்கொண்டார். புதியதை மார்லிஸே தேர்ந்தெடுத்தாள்: கேஸில் ஓடுவது, பழைய அளவு. ஒர்லீன் அதை உள்ளே தள்ளியதும் சிக்கென்று உட்கார்ந்தது. மார்லிஸ் சுவிட்சை அழுத்தினாள். சத்தம் அதிகமில்லை. அதனால்தான் ஒர்லீன் போன பிறகு அவர்கள் பேசியது எங்கள் ஜன்னல்வரை கேட்டது.

“நல்லாத்தான் தேர்ந்தெடுத்திருக்க,” என்றார் வெர்லின்.

“ம்.”

“இன்னும் கோபமா? அதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே.”

“எல்லார்கிட்டயும் சொன்ன. என்கிட்ட எப்ப சொல்லுவ?”

பிறகு அவர் குரல் வந்தது, அடையாளமே தெரியாத அளவுக்குத் தாழ்ந்து.

“வெக்கமா இருக்கு மார்லிஸ். தப்பா அளந்ததுக்கு இல்ல. அன்னிக்கு நீ என்னைப் பாத்தியே, பாத்துட்டு எதுவும் சொல்லாம எங்களுக்குக் காப்பி போடப் போனியே... அதுக்கு. மன்னிச்சிடு.”

நான் ஜன்னலைச் சாத்தினேன். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. மறுநாள் காலை இரண்டு நாற்காலிகள் வெயிலில் கிடந்தன, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஒன்றில் வெர்லின் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் மார்லிஸிடம் போய், அன்று சிரித்ததற்கு என் பங்கு மன்னிப்பைக் கேட்டேன்.

“உனக்கு நடந்தது தெரியாது, விடு,” என்றாள். “அவருக்குத் தெரியும்.”