ஏரிக்குள் இறங்கிய ரிக் வண்டி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தண்ணீர் இல்லை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ரிக் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் ஆழ்துளைக் கிணற்றுக்குத் துளை போட்டுவிடுவார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றி வீட்டுக்கு ஓர் ஆளாவது இந்தத் தொழிலில் இருப்பான். ராஜஸ்தானில் தண்ணீர் காட்டினேன், ஒடிசாவில் காட்டினேன் என்று பீற்றிக்கொள்வான். என் வீட்டுக்காரர் செங்கோடனும் அந்த ரகம்தான். சொந்தமாக ஒரு ரிக் வண்டி வைத்திருக்கிறார்.

நான் உண்ணாமலை. கொமாரமேட்டு ஏரியில் பரிசல் ஓட்டுகிறேன். ஏரியின் நடுவில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். கார்த்திகை பிறந்தால் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நசுருல்லா பாய்தான் முதலில் வேன் பிடித்து ஆட்களைக் கூட்டி வந்தார். மோட்டார் படகு கூடாது, மரத்துக்குப் பக்கத்தில் பரிசல் போகக் கூடாது, ஏரியை மீன் குத்தகைக்கு விடக் கூடாது என்று ஊரை உட்காரவைத்துப் பேசிச் சம்மதம் வாங்கியதும் அவர்தான். நானும் பாவாயியும் இன்னும் சில பெண்களும் வெளியூர்க் கூலிக்குப் போகாமல் இந்த ஏரியை வைத்தே பிழைக்கிறோம். பறவைக்கும் கெடுதல் இல்லை, எங்களுக்கும் கெடுதல் இல்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மாசி முடிவதற்குள் ஏரி வற்றிக்கொண்டே வந்து, மரங்களைச் சுற்றி மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கூடுகளில் குஞ்சுகள் நிறைய. வெள்ளைப் பொசுபொசுப்பு இன்னும் உதிரவில்லை. மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் தாய்ப்பறவைகள் அங்கே இருக்கும். தண்ணீர் போய்விட்டால் நாயும் நரியும் வரும் என்று அதுகளுக்குத் தெரியும். பெற்ற குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்ததில்லை. பாய் சொல்லித்தான் தெரியும். 

ஊர்க்கூட்டத்தில் பாய் கெஞ்சினார். "டேங்கர் லாரிக்குச் சொல்லி வெச்சிருக்கேன். கோழிப்பண்ணைக்குப் போற வண்டிங்கதான். நாலு நாள்ல வந்துடும். குஞ்சுங்க பறக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருந்தாப் போதும்."

செங்கோடன் சிரித்தார். "ஏனுங்க பாய், ஏரிக்கு லாரித் தண்ணியா? ஊரு சிரிக்காதுங்களா? ஏரிக்கு அடியில இல்லாத தண்ணி எங்கெங்க இருக்குது? எங்கிட்ட உடுங்க. பத்துப் பைசா வேண்டாம்."

"கூட்டுக்குப் பக்கத்துல ரிக்க நிறுத்தப் போறீங்களா? உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?" என்றேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். யார் காதில் விழுந்தது?

மறுநாள் காலையில் செங்கோடன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே அடியில் தண்ணீர் என்று கணக்கு. ஓரிடத்தில் தேங்காய் நட்டுக்கொண்டு நின்றது. ஊரே கை தட்டியது. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை ஏரிக்குள் இறக்கினார்கள். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் நாரைகள் மொத்தமாக எழும்பிப் போயின. நான் கரையில் நின்று திட்டிக்கொண்டே இருந்தேன். துளையிலிருந்து புகைதான் வந்தது. பொழுது சாயும் வரை வெறும் கல்பொடி. சொட்டு ஈரம் கிடையாது. பாறை மேலாகவே இருந்ததால், துளையின் வாய் சரியாமல் இருக்கச் செருகும் கேசிங் பைப்பையும் அரைகுறையாகத்தான் இறக்கியிருந்தார்கள். கடைசியில் பைப்பை அப்படியே விட்டுவிட்டு, துளை போடும் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்லவேளை, சத்தம் நின்றதும் நாரைகள் திரும்பி வந்தன.

துளை பொய்த்துப் போனால் ரிக்காரன் அன்றைக்குச் சோறு தின்ன மாட்டான். செங்கோடனும் தின்னவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, இன்னும் நாலு வார்த்தை சொன்னேன்.

விடிந்ததும் அவர் ஏரிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரே கூச்சல். ஓடினேன். பைப்பில் காதை வைத்துக்கொண்டு செங்கோடன் குழந்தை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். "கேட்டுப் பாரு புள்ள. ஊத்து தெறந்துருச்சு. நம்ம கை பொய்க்குமா?"

நானும் காதை வைத்தேன். நிஜமாகவே உள்ளே தண்ணீர் சளசளவென்று ஓடியது. பாவாயி குலவை போட்டாள். யாரோ மஞ்சள் கரைத்து ஊற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். எனக்கும் சந்தோஷம் தாளவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

பாய்க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பரிசலை எடுக்கப் போனேன். பரிசல் சேற்றில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த பரிசல் அது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. மரங்களைப் பார்த்தேன். வேர்கள் வெளியே தெரிந்தன. 

"ஏனுங்க, ஊத்து இல்லீங்க. ஏரித்தண்ணி உள்ள போகுதுங்க" என்று கத்தினேன்.

 செங்கோடன் பைப்பின் வெளிப்பக்கம் சேற்றைக் கையால் விலக்கினார். பைப்புக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. இத்தனை மாதம் ஏரி தாங்கி வைத்திருந்த தண்ணீர், காய்ந்த பாறைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வெறி பிடித்த வேலை. களிமண் மூட்டை போட்டோம், விழுங்கியது. வைக்கோலும் சாக்குமாகத் திணித்தோம், அதையும் விழுங்கியது. செங்கோடன் யாரிடமும் கேட்கவில்லை. ரிக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, பாறையை உடைக்கும் சுத்தியலோடு கம்பியை உள்ளே இறக்கி, அப்படியே கழற்றிவிட்டார். துளைக்குள் சுத்தியல் மாட்டிக்கொண்டால் ரிக்காரர்கள் இழவு விழுந்த மாதிரி அழுவார்கள். இவர் வேண்டுமென்றே விட்டார். அதன்மேல் சாக்கும் சிமெண்டுமாக அடைத்தோம். உச்சி வெயிலில் சத்தம் நின்றது.

துளை அடைபட்டது. ஆனால் மரத்தடியில் தண்ணீர் இல்லை. சேறுதான் இருந்தது. குடிக்கக்கூட ஆகாத குட்டை ஒன்று ஓரமாகக் கிடந்தது.

கோழிக்கடைக் கழிவைத் தின்று கொழுத்த நாய்கள் அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. தடி எடுத்துக்கொண்டு மரங்களைச் சுற்றி நின்றோம். நாய்கள் விலகின. ஆனால் நாரைகள் இறங்கவில்லை. வயிறு நிறைய மீனை வைத்துக்கொண்டு தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. பெரிய நாரைக்குச் சத்தம் வராது, அது ஊமை. குஞ்சுகள்தான் கத்தின. அந்தக் கத்தலை இப்போது நினைத்தாலும் எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுபடியும் போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருந்தேன், பாய் காரில் வந்து சேர்ந்தார். பறவை பார்க்க வந்துகொண்டிருந்த வேன்களை வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"அக்கா, நாம நிக்கிறதாலதான் அதுங்க இறங்கல. எல்லாரும் கரைக்குப் போயிடலாம்" என்றார்.

"நாய் வந்துருமே பாய்."

"நாய் மரம் ஏறாது. தாய் வரலைன்னா ஒண்ணும் மிஞ்சாது. டேங்கர் வேற நாளைக்கு மதியத்துக்கு முன்னாடி வராது. நானும் காலையில இருந்து கேட்டுப் பாத்துட்டேன்."

போனோம். போகாமல் என்ன செய்ய? கரை மேல் ஊரே உட்கார்ந்திருந்தது. வெயில் தாழும் வரை நாரைகள் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாக மேற்கே போக ஆரம்பித்தன. பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, போகாதே போகாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

வானம் காலியாகிவிட்டது என்று நினைத்தபோது ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. பயந்து பயந்து, தெற்கு ஓரத்து மரத்தில் இறங்கியது. தன் கூட்டில் மீனைக் கக்கியது. பக்கத்துக் கூடுகளில் இருந்த குஞ்சுகள் எல்லாம் அதைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கத்தின. அது தன் குஞ்சுகளை மட்டும் பார்த்துக்கொண்டு, பறந்து போனது.

செங்கோடன் எழுந்தார். கரையோரக் குட்டையில் இறங்கி, துள்ளிக்கொண்டிருந்த ஜிலேபி மீன்களை வாளி நிறைய அள்ளிக்கொண்டு, மரங்களைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"எங்கெங்க போறீங்க?"

"கத்துது புள்ள. நானே ஏறி ஊட்டிட்டு வாரேன்."

"நீங்க போனா அந்த ஒண்ணும் வராதுங்க."

"ஏதாச்சும் செய்யோணும் உண்ணாமலை. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" அவர் குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"செஞ்சது போதுமுங்க. ஒக்காருங்க."

அவர் அங்கேயே சேற்றில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் அந்த நாரை இன்னொரு முறை வந்தது. அதே கூட்டுக்குத்தான் வந்தது.