அணைக்க மறந்த மைக்

ஏழு வருஷமாகப் பேசிக்கொள்ளாத நானும் என் தங்கச்சியும் டிவி நிகழ்ச்சியில் சண்டை போட வந்திருந்தோம். கோபம் ஆறிவிடக் கூடாதென்று, மேடை ஏறும்வரை ஆளுக்கொரு அறையில் அடைத்து வைப்பார்கள். எனக்கு மைக் மாட்டியவன் அதை அணைக்காமல் போய்த் தொலைந்தான்.

மேக்கப் போட்ட பெண்ணிடம் சிடுசிடுத்தேன். "அந்த மகராசிக்கு ஏசி ஒத்துக்காது, மூச்சு வாங்கும். குறைச்சு வைக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

தங்கச்சியின் அறை ஸ்பீக்கரில் அத்தனையும் கேட்டுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், "அக்கா" என்றாள். அவ்வளவுதான், இருவர் மேக்கப்பும் கரைந்தது. நெஞ்சிலிருந்த பாரமும் இறங்கியது.

நிகழ்ச்சி நடத்துபவர் பதறி ஓடிவந்தார். "அஞ்சு நிமிஷமாவது சண்டை போடுங்கம்மா!"

"வீட்டுல போய்ப் போட்டுக்கறோம்" என்றாள் தங்கச்சி, என் மைக்கைக் கழற்றியபடி.