மூன்றாவது கேப்பு

வேலப்பனின் துப்பாக்கியில் அன்று மல்லிகைப்பூ வாசனை அடித்தது. துப்பாக்கி என்றால் வெடிமருந்து வாசனை அடிக்கலாம், துரு வாசனை அடிக்கலாம், பரணில் கிடந்தால் எலிப்புழுக்கை வாசனைகூட அடிக்கலாம். மல்லிகை அடிக்கக் கூடாது. யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் அவர் காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில், கூட்டத்தைவிட்டு நாலடி தள்ளியே நின்றார்.

மலைமேல் இருக்கிற போளூரில் தைத் திருவிழாவுக்குச் சாமி சப்பரம் கோயிலைவிட்டுக் கிளம்ப வேண்டுமானால் முதலில் ஒரு வெடி போட்டாக வேண்டும். கடைப் பட்டாசு செல்லாது. குழலின் வாய் வழியாக மருந்து கொட்டி, மேலே தேங்காய் நாரை வைத்து, இடிகுச்சியால் இடித்துக் கெட்டித்து, பின்பக்கம், அடித்தால் பொறி தெறிக்கும் கேப்பு என்ற சின்ன மூடியை மாட்டிச் சுடுகிற பழைய துப்பாக்கியில்தான் போட வேண்டும். குண்டு கிடையாது, சத்தம் மட்டும். பூண்டு வயலில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதற்கென்று லைசென்ஸ் வாங்கிய அந்த மாதிரித் துப்பாக்கி ஊரில் இரண்டே வீட்டில் இருந்தது. ஒன்று வேலப்பன் வீட்டில். இன்னொன்று அவருடைய மனைவி அன்னக்கொடியின் அண்ணன் பொன்னுவேல் வீட்டில்.

முதல் வெடி வேலப்பன் வீட்டுக்குரியது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. ஊர்ப் பெரியவர் திருமலைச்சாமி வெற்றிலைத் தட்டில் மூன்று கேப்பு வைத்துத் தருவார். அந்த மூன்றுக்குள் வெடிக்க வேண்டும். மூன்றும் அடித்து ஓய்ந்தும் துப்பாக்கி வாய் திறக்கவில்லை என்றால் தட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போன தட்டு திரும்பி வராது.

அடுத்த வீடு பொன்னுவேல் வீடு. அவர் தன் துப்பாக்கியைத் துடைத்துப் பளபளவென்று தோளில் சாய்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி தயாராக வந்து நின்றிருந்தார்.

மச்சானும் மாப்பிள்ளையும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. காரணம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே திருவிழாவில் வேலப்பன் வெடி போட்டு முடித்துப் பெருமையாகத் திரும்பியபோது பொன்னுவேல், "என்ன மாப்ள, கோழி தும்முன மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். ஊரே சிரித்தது. அன்றைக்கு முடிந்தது பேச்சு. அதற்கப்புறம் இருவரும் எது சொன்னாலும் நடுவில் அன்னக்கொடி இருக்க வேண்டும்.

மல்லிகை வந்த கதை வேறு. ஸ்பிரிங் ஒடிந்துபோன துப்பாக்கியைத் திண்டுக்கல் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டு, முந்தாநாள் கன்னிவாடியில் மகள் சுகன்யா வீட்டில் தங்கினார் வேலப்பன். மலைக்குக் கீழே நல்ல வெயில். மருமகன் முன்னால் கொஞ்சம் வித்தை காட்டலாம் என்று தோன்றியது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று உட்கார்ந்தார். உரிய எண்ணெய் கையில் இல்லை. சுகன்யா தலைக்குத் தேய்க்கும் மல்லிகை வாசனைத் தேங்காயெண்ணெய் இருந்தது. தண்ணீராக ஓடிய எண்ணெயைக் குழலுக்குள்ளும், கேப்பு உட்காருகிற சின்னக் குழாய்க்குள்ளும் தாராளமாக விட்டு, "இப்பிடி வச்சுக்கிட்டா நூறு வருசம் உழைக்கும் மாப்ள" என்று மருமகனிடம் அளந்தார். மருமகனும் தலையாட்டினார். மாமனார் மடியில் துப்பாக்கி இருக்கும்போது வேறு எதை ஆட்டுவது?

ஊருக்கு வந்ததும் அன்னக்கொடி ஒன்றே ஒன்று சொன்னாள். "மருந்து போடுறதுக்கு முன்ன வெறுங் கேப்பு ஒண்ண அடிச்சுப் பாருங்க. அடைப்பு இருந்தா தெரிஞ்சுபோகும்."

"கேப்பு கெடைக்கிற காலமா இது? சும்மா அடிச்சுப் பாக்குறதுக்கு? சோலியப் பாரு."

அந்தப் பேச்சை இப்போது நினைத்துப் பார்க்க வேலப்பனுக்கு விருப்பமில்லை. சாமந்தி மாலையைத் துப்பாக்கி வாயில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மூடுபனி கோயில் மணியை எட்டித் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. சப்பரத்தை எட்டுப் பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். திருமலைச்சாமி தட்டை நீட்டினார். வேலப்பன் முதல் கேப்பை மாட்டி, கேப்பை அடிக்கும் சுத்தியான குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தி, ஆளில்லாத பள்ளத்துப் பக்கம் குழலை உயர்த்தி, விசையை அழுத்தினார்.

குதிரை அடித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அசையாதீக!" என்றார் திருமலைச்சாமி.

அது அனுபவப் பேச்சு. கேப்பு வெடித்து மருந்து பற்றாவிட்டால் துப்பாக்கியை உடனே இறக்கக் கூடாது. உள்ளே மெதுவாகப் புகைந்துகொண்டிருந்து திடீரென்று வெடித்துத் தொலையும். பிடித்தபடியே நூறு எண்ண வேண்டும். வேலப்பன் எண்ணினார். கூடவே ஊரும் எண்ணியது. அறுபதில் யாரோ அவசரப்பட்டதில் இரண்டு கட்சியாகி, ஒரு கட்சி நூறைத் தொட்டபோது இன்னொரு கட்சி எண்பத்தெட்டில் இருந்தது. இரண்டும் முடிகிற வரை எட்டுப் பேர் சப்பரத்தோடு நின்றார்கள்.

"அன்னக்கொடி, மருந்து போட்டாகளான்னு கேளு" என்றார் பொன்னுவேல், வானத்தைப் பார்த்தபடி.

"போட்டாச்சுன்னு சொல்லு" என்றார் வேலப்பன், தரையைப் பார்த்தபடி.

"நான் என்ன தபால் ஆபீசா நடத்துறேன்?" என்றாள் அன்னக்கொடி.

அதற்குள் ஊர் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டது. மருந்து பனியில் நமுத்திருக்கும் என்றார் ஒருவர். புது ஸ்பிரிங் சரியில்லை என்றார் இன்னொருவர். மாலையைக் கழற்றினால் வெடிக்கும் என்றார் மூன்றாமவர்; ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஜீப் ஓட்டுகிற முகேஷ், "யூடியூப்ல போட்டா வந்துரும்ணே" என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு டவர் தேடிப் போனவன் மதில் சுவரில் முட்டி நின்றான்.

வேலப்பன் இரண்டாவது கேப்பை மாட்டினார். மறுபடியும் 'டப்'. மறுபடியும் நூறு. இந்தமுறை ஊர் ஒழுங்காக எண்ணியது. வேலப்பனுக்குத்தான் எண்கள் ஓடவில்லை. தாத்தா போட்ட வெடி, அப்பா போட்ட வெடி, எல்லாம் தன் கையில் வந்து முடியப் போகிறதே என்ற நினைப்புத்தான் ஓடியது.

"மருந்தே போடலன்னு நான் சொல்லல தங்கச்சி" என்றார் பொன்னுவேல் சத்தமாக. "மறந்துருக்கலாம். வயசாகுதுல்ல."

வேலப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இடிகுச்சியை உருவிக் குழலுக்குள் கடைசிவரை இறக்கினார். மருந்தும் நாரும் உள்ளே இருந்தால் குச்சி எதுவரை இறங்கும் என்பதற்கு அவர் அப்பா அதில் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். வெறும் குழலாக இருந்தால் கோடு உள்ளே போய்விடும். இப்போது கோடு குழல் வாய்க்குச் சரியாக வந்து நின்றது. அதற்கு மேல் இரண்டு விரற்கடைக் குச்சி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கங்க! எல்லாரும் பாத்துக்கங்க!" என்று மாலையை விலக்கிக் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள். பொன்னுவேலும், பார்க்காத மாதிரி பார்த்தார். குச்சியை வெளியே இழுக்கக் கை வைத்த நேரத்தில் அன்னக்கொடி அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். மாலை சரிந்து பழைய இடத்துக்கே வந்தது.

"இங்க வாங்க. இதென்ன துப்பாக்கியில மல்லிப்பூ வாசன?"

"பூ வாசன. மால கட்டியிருக்குல்ல."

"அது சாமந்தி."

அன்னக்கொடி குனிந்து, கேப்பு உட்காருகிற இடத்தில் மூக்கை வைத்து ஒருமுறை இழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்டிருந்தது.

"சுகன்யா எண்ணெ."

"கொஞ்சூண்டுதான்..."

"தெனம் வெள்ளனே எந்திரிச்சு எண்ணெப் பாட்டில அடுப்போரம் வச்சு உருக்குறேனே, எதுக்கு? அதுக்குக் குளுருதுன்னா? நம்ம ஊர்ல தேங்காயெண்ணெ கல்லாக் கெடக்கும்னு தெரியாதா ஒங்களுக்கு? அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஒறைஞ்சு அடைச்சுக் கெடக்கு. கேப்பு நெருப்பு எப்பிடி உள்ள போகும்?"

வேலப்பனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். கன்னிவாடி வெயிலில் உட்கார்ந்து பெருமையடித்தபோது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"யார்ட்டயும் சொல்லிராத" என்றார்.

அன்னக்கொடி அண்ணனைப் பார்த்தாள். தோளில் துப்பாக்கியோடு அவர் நின்ற நிற்பைப் பார்த்தாள். "தட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போனா எனக்கென்ன நட்டம்? நான் பொறந்த வீடுதான?" என்றாள்.

வேலப்பனுக்குப் பகீரென்றது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. ஒரு தெரு தள்ளி இருக்கிற பிறந்த வீட்டுக்கு இவள் மூன்று வருஷமாகப் போகவில்லை. போகாதே என்று அவர் சொன்னதில்லை. போய்விட்டு வா என்றும் சொன்னதில்லை. ஒரு கோழித் தும்மலுக்காக இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்று அவருக்கு அன்றைக்குத்தான், வெடிக்காத துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கமாக இருந்தது.

அவர் முகத்தில் அன்னக்கொடி என்ன கண்டாளோ, சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, மூணாவது கேப்ப எம்புட்டு நேரத்துக்குள்ள அடிக்கணும்னு கணக்கு இருக்கா?"

"கணக்கு ஒண்ணும் இல்ல தாயி" என்றார் திருமலைச்சாமி. "ஆனா தூக்குறவனுக்குத் தோளு இருக்குல்ல. வெரசாப் பாருங்க."

அன்னக்கொடி முகேஷிடம் ஜீப்பிலிருந்த சின்ன ஸ்பேனரை வாங்கி வந்தாள். வேலப்பன் திருகிக் கழற்றிய அந்தச் சின்னக் குழாயை முந்தானையில் முடிந்துகொண்டு, கோயிலுக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்துக்குப் போனாள். அடுப்பில் கடுங்காப்பி கொதித்தது. ஒரு டம்ளர் மொண்டு, யாரும் பார்க்காமல் குழாயை அதில் போட்டாள். சிறிது நேரத்தில் காப்பியின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்து வந்தது. கரண்டியால் குழாயை எடுத்து, சேலையிலிருந்த ஊக்கால் ஓட்டையைக் குத்தி, உதட்டில் வைத்து ஊதினாள். காற்று போனது. தணலோரம் காட்டி ஈரத்தையும் போக்கினாள். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

வேலப்பன் குழாய் இருந்த துளை வழியாக, ஒரு சிட்டிகை புது மருந்தை உள்ளே தட்டிவிட்டார். குழாயைத் திருகினார். மூன்றாவது கேப்பை எடுக்கும்போது அது தட்டிலேயே இரண்டு தடவை உருண்டது. இனி எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை. மாலையோடு குழலை மூடுபனிக்குள் உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அழுத்தினார்.

அந்த வெடியைப் போளூர் அதுவரை கேட்டதில்லை. கோயில் மணி தானாக ஒருமுறை அடித்தது. சாமந்தி இதழ்கள் ஊர் முழுக்கப் பறந்தன. எதிர்மலை சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்பியது. அதற்குப் பின்னால் இருந்த மலையும் அனுப்பியது. பனிக்குள் ஏதோ ஒன்று 'விர்ர்ர்' என்று போனது. வேலப்பன் பின்னால் சாய்ந்து, சேற்றில் உட்கார்ந்திருந்தார். கொட்டு முழங்கியது, குலவை கிளம்பியது, சப்பரம் நகர்ந்தது. எட்டுப் பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

வேலப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம். புகையால் இல்லை.

சேற்றிலிருந்து எழுந்து, வழக்கம்போலக் குழலைத் துடைக்கக் குச்சிக்காகக் கையைக் கொண்டுபோனார். குச்சி இல்லை. அவர் அதைத் தேடுவதற்குள் பொன்னுவேல் தோளிலிருந்த துப்பாக்கியை நழுவவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"மாப்ள! குச்சி எங்க?"

"ஐயய்யோ மச்சான்! உள்ளயே விட்டுட்டேன்!"

"அடப்பாவி மனுசா, கொழல் வெடிச்சிருந்தா? மொகமே போயிருக்குமே! கையக் காட்டுங்க... கண்ணு தெரியுதா? இது எத்தன?"

"மூணு."

"ரெண்டுதான் மாப்ள காட்டுறேன்!"

பொன்னுவேல் அவர் கையையும் முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் இருவருக்கும் தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. பொன்னுவேல் கையை விட்டார். வேலப்பன் வேட்டியைத் தட்டினார். நடுவில் அன்னக்கொடி இல்லை. அவள் இரண்டடி தள்ளி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

பனி விலகியதும் முகேஷ்தான் கண்டுபிடித்தான். கீழே பொன்னுவேலின் பூண்டுப் பாத்திக்கு நடுவில் இடிகுச்சி செங்குத்தாக நட்டுக்கொண்டு நின்றது.

பொன்னுவேல் தொண்டையைச் செருமி வானத்தைப் பார்த்தார். "அன்னக்கொடி, எங்க பாத்தியில நட்டது எங்களுது. குச்சி வேணும்னா வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லு."

"அவரு இங்கதான நிக்கிறாரு. நேராச் சொல்லு."

பொன்னுவேல் கொஞ்ச நேரம் வானத்திலேயே இருந்துவிட்டு இறங்கினார். "வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க மாப்ள. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

அந்த மாதிரிக் குச்சி ஒன்றை வேலப்பன் அரைமணி நேரத்தில் செதுக்கிவிடுவார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதே சமயம் கோயிலுக்குப் பின்னாலிருந்து திருமலைச்சாமி காலி டம்ளரோடு வந்தார்.

"யாரு போட்ட காப்பிப்பா இது? திண்டுல இருந்துச்சு. மல்லிப்பூ வாசன தூக்குது!"

அன்னக்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கை மட்டும் லேசாக உறிஞ்சிக் காட்டினாள்.

வேலப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டு, மறுபடியும் திறந்தார்.

"சாயங்காலமே வர்றோம் மச்சான்."