சீனித்தாயின் நாலு நிமிடம்

எங்கள் ஊரில் ஒரு படத்துக்கு விமர்சனம் எழுதினால், மறுநாள் காலையில் அந்தப் படத்தில் இருப்பவர்கள் அதைப் படித்துவிடுவார்கள். நடிகர்களைச் சொல்லவில்லை. படத்துக்குள் வாழ்கிறவர்களைச் சொல்கிறேன்.

‘ஆறிய சோறு’ படத்தை விமர்சகர்கள் எல்லோரும் பாராட்டியிருந்தோம். ஒரு கரிசல்காட்டு வீட்டின் மருமகள் சீனித்தாய், பொழுது விடிந்தது முதல் அடையும்வரை பிறருக்காக ஓடுவதுதான் கதை. அடுப்புப் புகையை இவ்வளவு உண்மையாக நான் திரையில் பார்த்ததில்லை. ஒரே ஒரு குறை சொல்லியிருந்தேன்: பிற்பாதியில் அவள் வாய்க்கால் கரையில் நாலு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், வெட்டிவிடலாம்.

மறுநாள் பத்து மணிக்கு சீனித்தாய் என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் கரி. நாற்காலியைக் காட்டினேன்.

“இருக்கட்டும் சார். பதினொன்றரைக் காட்சிக்குள்ள உலை வைக்கணும். என் கையிலிருக்கிற சூட்டுத் தழும்பைப் பத்தி நீங்க மட்டுந்தான் எழுதியிருந்தீங்க. சந்தோசம். ஆனா அந்த நாலு நிமிசம்…”

“கதைக்கு அது தேவைப்படலையேம்மா.”

“கதைக்கு வேணாம் சார். எனக்கு வேணும். படம் பூரா நான் உக்காருறது அங்க மட்டுந்தான். நீங்க எழுதினதப் பாத்து வெட்டப்போறாங்களாம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் போனதும் மறுபடி எழுதினேன்: நான் சொன்னது தவறு, அந்த நாலு நிமிடம் போதாது. மாலைப் பதிப்பில் வந்தது.

சனிக்கிழமை தியேட்டருக்குப் போனேன். சீனித்தாய் கரையில் உட்கார்ந்தாள். தண்ணீரில் காலை விட்டாள். பிறகு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் இருமவில்லை. அடுத்த காட்சிக்கான மணியை அடிக்க வேண்டாமென்று மேனேஜரே வந்து கையைக் காட்டிவிட்டுப் போனார். இந்தப் படத்திலேயே சிறந்த காட்சி என்று இருட்டில் குறித்துக்கொண்டேன்.

அப்போது திரையில் மாமனார் வாசலில் நின்று கத்தினார்: “ஏட்டி, தண்ணி கொண்டா!”

சீனித்தாயின் இமை அசைந்தது.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. “நீ தூங்கு தாயி, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறி, தலையைக் குனிந்து திரைக்குள் போனார். செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மாமனார் குடித்துவிட்டு, “சோறு ஆச்சா?” என்று கேட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் அடுப்படியைத் தேடிப் போனார்.

இங்கே மூன்றாம் வரிசையில் அவருடைய மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, காலியான நாற்காலியில் கால்களை நீட்டிக்கொண்டார்.