சுருக்கம் சேர்த்துத் தைத்த பட்டாளம்

விருத்தாசலத்தில் சுத்தமான வெள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனால் போதும். அங்கே கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பீஸ் கட்டை வெள்ளை, தரையில் படிந்த மண் தூசி வெள்ளை, வேலை முடிந்து வெளியே வருகிற ஆளின் புருவம்கூட வெள்ளை. பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளைக்குச் சூப்பர்வைசராக இருந்த விருத்தகிரிக்கு, வீட்டுக்கு வந்தால் கண் இரண்டும் கலருக்கு ஏங்கும். இப்படிப்பட்ட ஏக்கத்தை ஆண்டவன் சிலருக்குப் பூச்செடியாகத் தீர்த்து வைப்பான். விருத்தகிரிக்கு நெப்போலியனின் பட்டாளமாகத் தீர்த்து வைத்தான்.

அந்தப் பட்டாளம் வந்த கதை சிறியது. அவருடைய மனைவி ஆண்டாளின் தம்பி அர்ச்சுனன் புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றை வாங்கினான். அதில் முன்பு இருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஈயச் சிப்பாய்களை விட்டுப் போயிருந்தார். கட்டைவிரல் உயரம், ஒன்றுக்கும் வர்ணம் இல்லை. "உங்க ஊருல பொம்மைக்குக் கலர் அடிக்காதவங்க யாரு மாமா, நீங்களே வச்சிக்குங்க" என்று அர்ச்சுனன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விருத்தகிரி ஜங்ஷன் ரோட்டுப் பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். மூலை சீட்டாகக் கேட்டு வாங்கி, திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிற நரைத்த மீசைக்காரரை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? கடைக்காரர் ஒருநாள் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். திரை முழுக்க ஒரு பட்டாளக் கோட்டின் ஒரே ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. அவர் தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

டப்பாவில் இருந்தவர்கள் தீர்ந்ததும் விருத்தகிரி களிமண்ணில் தானே ஆள் சேர்க்கத் தொடங்கினார். பச்சை மண் சூளையில் வெந்தால் எட்டில் ஒரு பங்கு சுருங்கிப் போகும். அதனால் பேட்டையில் எதைச் செய்தாலும் 'சுருக்கம் சேர்த்து', அந்த அளவு பெரிதாகத்தான் அச்சு எடுப்பார்கள். அது விருத்தகிரியின் கையில் ஊறிப்போன கணக்கு. கடையில் வாழைப்பழம் வாங்கினால்கூட, வீட்டுக்குப் போவதற்குள் சுருங்கிவிடும் என்பதுபோல ஒரு சுற்றுப் பெரிய சீப்பாகத்தான் எடுப்பார்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் தலைமேல் பட்டாளம் அணிவகுத்து நின்றது. நீலக் கோட்டு, சிவப்புத் தோள்பட்டை, நெஞ்சில் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டி, தலையில் கரடித்தோல் தொப்பி. வெள்ளைக் குதிரைமேல் நெப்போலியன். முன்வரிசைக்காரர்களின் துப்பாக்கி திரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

"செய்தி வாசிக்கறவங்களப் பாக்கறதா, உங்க ஆளுங்களப் பாக்கறதா?" என்பாள் ஆண்டாள்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி. சிலிண்டர் போட வந்தவர் கேட்டார், சீட்டுப் பிடிக்கிற அம்மாள் கேட்டாள், சம்பந்தமே இல்லாமல் முகவரி விசாரிக்க வந்தவரும் கேட்டார்: "பேண்டு செட்டா சார்?"

"இல்லைங்க. நெப்போலியனோட காவல்படை."

"நெப்போலியனா? பிராந்தி பேரு மாதிரி இருக்குது."

இப்படி இருக்கையில், ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம் மாயவன் வந்தார். பாலக்கரைப் பக்கம் நிஜமாகவே பேண்டு செட் நடத்துகிறவர்.

"சார் வூட்டுல பேண்டு செட்டு பொம்மை இருக்குதுன்னு சொன்னாங்க."

"அது பேண்டு செட்டு இல்ல மாயவன். பட்டாளம்."

"சரிங்க சார். பட்டாளத்துப் பேண்டு செட்டு."

விருத்தகிரி வாயைத் திறப்பதற்குள் மாயவன் டிவி முன்னால் குந்தி உட்கார்ந்தார். பொம்மையைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தப் பட்டி தோள்ல இருந்து எறங்குது பாருங்க, வெயிட்டுல அந்த எடத்துல துணி மடியும். எங்க சாமிக்கண்ணுக்கு டிரம்மு மாட்டுனா அப்பிடித்தான் மடியும். அந்த மடிப்பையும் போட்டுருக்கீங்களே."

அந்த மடிப்பை விருத்தகிரி ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் போட்டிருந்தார். அதைக் கண்ட முதல் மனிதர் மாயவன்தான். விருத்தகிரியின் கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. "டீ போடும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

டீயைக் குடித்தபடி மாயவன் வந்த விஷயத்தைச் சொன்னார். "பெண்ணாடத்துக் கரும்புக்காரர் வூட்டுக் கல்யாணம் சார், இங்க மண்டபத்துலதான். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்களச் சொல்லியிருக்காங்க. ஆனா போன தடவ அவங்க சொந்தக்காரங்க வூட்டு விசேஷத்துல எங்க டிரெஸ்ஸப் பாத்து சிரிச்சிட்டாங்க. எலி கடிச்ச டிரெஸ்ஸு, சிரிக்காம என்ன பண்ணுவாங்க. இந்தத் தடவ சம்பந்தியும் சிரிச்சா, இனிமே நெய்வேலி பேண்டு செட்டுதான்னு கரும்புக்காரரு சொல்லிட்டாரு. அவங்க உள்ள பூந்துட்டா எங்கள எவன் கூப்புடுவான்? நான் மில்லுல மூட்டை தூக்கிப் பொழச்சிக்குவேன். சாமிக்கண்ணு மாமா எங்க போவாரு? அவருக்கு டிரம்மத் தவிர ஒண்ணுந் தெரியாது. இந்தப் பொம்மை போட்டுருக்கற மாதிரி தைக்கணும் சார். நீங்கதான் வழி சொல்லணும்."

ஐரோப்பா முழுவதும் நடந்த காவல்படை, பெண்ணாடத்து மாப்பிள்ளைக்கு முன்னால் நடப்பதா? விருத்தகிரி டிவி பக்கம் திரும்பினார். நெப்போலியன் குதிரைமேல் உட்கார்ந்து மாயவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

"செஞ்சிடுவோம்" என்றார் விருத்தகிரி.

கரடித்தோலுக்கு மங்கலம்பேட்டை போனார்கள். வளைகுடாவிலிருந்து வருகிற புசுபுசுப் போர்வை அங்கேதான் கிடைக்கும். "இந்த வெயில்லயா போர்வை? யாருக்குக் குளிர் காய்ச்சல்?" என்று கடைக்கார பாய் பதறிப்போனார். விஷயத்தைக் கேட்டதும் நல்ல கறுப்பாகத் தேடி எடுத்துக் கொடுத்து, "இதத் தலையில வச்சிக்கிட்டா நடக்கப் போறாங்க? அல்லாதான் காப்பாத்தணும்" என்று பையில் மோர் பாக்கெட்டும் போட்டு அனுப்பினார்.

தையல்காரர் கோவிந்தசாமி, பிரவுசிங் சென்டரில் எடுத்து வந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னால வெட்டு, பின்னால வாலு. இது சட்டையா, கரிச்சான் குருவியா? எனக்கு இது வராதுங்க."

"நான் பேப்பர்ல வெட்டித் தரேன். அது மேல துணியப் போட்டு வெட்டிக்குங்க" என்றார் விருத்தகிரி. பேண்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தானே டேப் பிடித்து அளவு எடுத்தார். வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கை வேறு, முதுகு வேறு, வால் வேறு என்று வெட்டிக் கொடுத்தார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் வேலை செய்ததில்லை.

கோவிந்தசாமி பேப்பரைத் துணிமேல் பரப்பிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், கொஞ்சம் பெருசாத் தெரியுதே."

"பிரான்சு கட்டிங் அப்பிடித்தாங்க."

"சாமிக்கண்ணு, அவரு சம்சாரம், ரெண்டு பேருமே உள்ள போவலாம் போல இருக்குதே."

"நீங்க தைங்க. போட்டுப் பாத்தாத் தெரியும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் துணி வந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாயவனின் கொட்டகையில் எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். தெரிந்துவிட்டது. கிளாரினெட்காரரின் விரல் ஒன்றும் வெளியே வரவில்லை. எக்காளக்காரரின் கோட்டு வால் தரையைக் கூட்டியது. சாமிக்கண்ணு கரடித் தொப்பியைத் தலையில் வைத்தார். அது வாய் வரைக்கும் இறங்கிவிட்டது.

"பொழுது போயிடுச்சா சார்?" என்று தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. விருத்தகிரி ஒரு கையைப் பிடித்து டேப் வைத்துப் பார்த்தார். அடுத்த கையைப் பார்த்தார். எல்லாம் ஒரே சீராக எட்டில் ஒரு பங்கு அதிகம்.

"சுருக்கம் சேத்துட்டேன் மாயவன்" என்றார். "மண்ணுக்குச் சேக்கற கணக்க மனுசனுக்குச் சேத்துட்டேன்."

மாயவன் கோட்டைத் தடவிப் பார்த்தார். கேலியே இல்லாமல் கேட்டார்: "சூளையில வச்சா துணி சுருங்காதுங்களா சார்?"

"சாம்பலாயிடும்."

கோவிந்தசாமியைக் கேட்டதற்கு, இத்தனையையும் பிரித்துத் தைக்க இரண்டு நாள் ஆகும், பிரான்சுக்காரனே வந்தாலும் ஆகும் என்றார். மாயவன் சாமிக்கண்ணுவின் தலையிலிருந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் விருத்தகிரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நடந்ததைச் சொன்னதும் ஆண்டாள் சிரித்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, ஊசி டப்பாவை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"ஸ்கூல் தொறக்கறப்ப வளர்ற புள்ளைக்குப் பெருசாத் தச்சி, உள்ள மடிச்சி ஓட்டுத்தையல் போடறதில்லையா? அதத்தான் போடணும். மூஞ்சத் தொங்கப் போடாம சைக்கிள எடுங்க."

வழியில் பேட்டையில் நிறுத்தச் சொல்லி, பொம்மைக்குக் கண் எழுதுகிற செல்வநாயகியையும் அவள் கூட வேலை செய்கிற பெண்களையும் கூப்பிட்டாள். அவர்கள் அன்றைய கூலி போனால் போகிறது என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். கடவுள் பல பெரிய கிழிசல்களைச் சின்ன ஊசிகளை வைத்துத்தான் தைக்கிறார்.

பேண்டு ஆட்கள் கையை விரித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். போட்டிருக்கும்போதே மடித்துத் தைத்தால்தான் அளவு சரியாக வரும்.

"ஒடம்புல துணி இருக்கறப்ப ஊசி வைக்கக் கூடாதும்மா, ஆவாது" என்றார் சாமிக்கண்ணு.

"சம்பந்தி சிரிச்சாதான் ஆவாது. பழமலைநாதரே, பழமலைநாதரேன்னு சொல்லிக்கிட்டு நில்லுங்க பெரியவரே. அசைஞ்சா குத்தும்" என்றாள் ஆண்டாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்களும் சொன்னார்கள். கொட்டகை கொஞ்ச நேரம் பிரதோஷத்துக் கோயில்போல இருந்தது. விருத்தகிரி தான் வெட்டிய செய்தித்தாள்களைக் கசக்கித் தொப்பிகளுக்குள் திணித்தார்.

"என்னாங்க, கைநுனி செவப்பு முழுசா மறையக் கூடாது இல்ல?" என்றாள் ஆண்டாள். "நடுவுல மூணு நாக்கு வச்ச அந்த வெள்ளைப் பட்டை தெரியணும். கோடு போட்ட கை, டிவி மேல முன்வரிசையில ரெண்டாவதா நிக்கற ஆளுக்குத்தானே?"

விருத்தகிரி திகைத்துப் பார்த்தார்.

"தெனமும் தூசி தட்டறவளுக்குத் தெரியாதா?" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் மாப்பிள்ளை கார் கிளம்பியது. காருக்கு முன்னால் நீலமும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டாளம் கடைவீதிக்குள் நுழைந்தது. எல்லாத் தொப்பியும் ஒரே உயரத்தில் அசைந்தது. நகைக்கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பஸ் ஒன்று ஒதுங்கி வழி விட்டது. பெண் வீட்டுச் சம்பந்தி மண்டப வாசலில் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீவி, ஒழுங்காக மடித்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

இதை விருத்தகிரி முழுதாகப் பார்க்கவில்லை. சாமிக்கண்ணு டிரம்மை ஓங்கி அடித்த அடியில் இடுப்புத் தையல் விட்டுப்போய், கால்சட்டை இறங்கப் பார்த்தது. விருத்தகிரி பின்னால் ஓடி அதைப் பிடித்துக்கொண்டார். பாலக்கரையிலிருந்து மண்டபம் வரை பிடித்த பிடியை விடவில்லை.

"சார், நீங்க பிரேம்ல வுழறீங்க" என்று வீடியோக்காரர் அதட்டினார்.

"நான் வுட்டா அவரு வுழுவாரு தம்பி" என்று குனிந்துகொண்டே நடந்தார்.

மண்டப வாசலில் பெண்ணாடத்துக்காரர் மாயவனின் கையைப் பிடித்தார். "தை மாசம் பொண்ணு கல்யாணம் வச்சிருக்கறேன். நெய்வேலிக்கெல்லாம் போவல. இதே டிரெஸ்ஸுல வந்துடுங்க." மாயவன் தொப்பியோடு தலையை ஆட்டினார். தொப்பிக்குள் பேப்பர் சரசரத்தது.

கடைசிப் பந்தியில் பேண்டு ஆட்களை உட்கார வைத்தார்கள். இலை விழுந்தது, சோறு விழுந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஊர்வலம் முழுக்க ஊதியும் அடித்தும் சட்டைக் கைகளில் போட்ட தையல் எல்லாம் விட்டுப்போயிருந்தது. கைநுனி விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது. கழற்றவும் முடியாது, மற்ற இடமெல்லாம் உடம்போடு வைத்துத் தைத்தாயிற்று. சோற்றைப் பார்த்தபடி பட்டாளம் உட்கார்ந்திருந்தது.

விருத்தகிரி பந்தியின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் குனிந்து, சிவப்புக் கைநுனியை மேலே சுருட்டி, முழங்கை வரை மடித்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார் சாமிக்கண்ணு கூச்சத்தோடு.

"ஒரு கைக்கு இன்னொரு கையே தெரியல, நீங்க எங்க பாக்கறது? நீட்டுங்க."

சாம்பார் வாளி அந்த வரிசைக்குத் திரும்புவதற்குள் கடைசிக் கையையும் மடித்து முடித்துவிட்டு, மாயவன் நகர்ந்து கொடுத்த இடத்தில் அவரும் உட்கார்ந்தார்.