எழுபதாயிரத்து ஒன்று

தன் அடக்கம் முடிந்த மறுநாள் அஸர் தொழுகைக்குச் சற்று முன் முதாசிர் பெருங்களத்தூர் ஃபிளாட்டுக்குத் திரும்பி வந்து பால்கனிப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தான். கஃபன் துணியில் மண் ஒட்டியிருந்தது. லிஃப்ட் ஓடாததால் மாடி ஏறி வந்திருந்தான். தண்ணீர் லாரி ஏறிய இடுப்பு நசுங்கியபடியே இருந்தது. மனைவி ஃபஹீமா மின்விசிறியைப் போட்டாள். தாய் சித்திகா டீ வைத்தாள், அவன் குடிக்கவில்லை.

எழுபதாயிரம் கலிமா ஓதினால் அவன் அமைதியாகப் போய்விடுவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். புளியங்கொட்டைகளை வெள்ளைத் துணியில் கொட்டி, ஆளுக்குச் சமமாகப் பிரித்து, ஓதஓத ஒவ்வொன்றாகத் தள்ளுவது அந்தக் குடும்பத்து வழக்கம். எண்ணிக் கட்டிய மூட்டையைச் சித்திகா எடுத்து வந்தாள். எத்தனை பெண்கள் உட்கார்ந்தாலும் பங்கு சமமாக வரவில்லை. மிஞ்சியதை யாராவது சேர்த்து ஓதினால், தள்ளிய கொட்டைகள் எல்லாம் உருண்டு நடுவில் வந்து சேர்ந்தன. வெளியே வீசியது மறுநாள் மூட்டையில் கிடந்தது. விதவை நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா, புருஷன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்வரை கணக்கில் சேராது என்றும் பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். ஃபஹீமாவின் வேலை போயிற்று. இரண்டு வருஷம் அவள் வாசற்படி தாண்டவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது.

உயிரோடிருந்தபோது முதாசிர் சிறுசேரியில் பெரிய பகா எண்களைக் கொண்டு கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டுச் செய்தவன். ஒரு மத்தியானம் வாய் திறந்தான்.

"எழுபதாயிரத்தி ஒண்ணு இருக்கு. பகா எண். ஒரே ஆள் ஓதணும். இல்லன்னா எழுபதாயிரத்தி ஒரு பேர், ஆளுக்கு ஒண்ணு. வேற எப்படியும் பிரியாது. இடுப்பு வலிக்குதும்மா."

"மாமி, ஒண்ணு கூடப் போட்டது நீங்களா?" என்றாள் ஃபஹீமா.

"புளி கரைச்சு ஆணம் வைக்கிற வூட்ல புளியங்கொட்டைக்கா பஞ்சம்? பெத்தவ போட்டேன். ஒரே ஆள்னா அது நாந்தான்."

சித்திகா மூட்டையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஓதவில்லை.

பொங்கலுக்கு ஊர் போகும் கூட்டத்தில் பஸ்கள் நகர முடியாமல் கூடுவாஞ்சேரி வரை நின்றிருந்த மாலை, ஃபஹீமா மூட்டையோடு படியிறங்கினாள். ஜன்னல் ஜன்னலாக ஆளுக்கொரு கொட்டை கொடுத்தாள்.

"இன்னாக்கா, பஸ்ஸுலயே கொழம்பு வெக்கச் சொல்றியா?" என்றான் ஒரு கண்டக்டர்.

"செத்தவருக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டுடுங்கண்ணா."

"எந்த சாமியச் சொல்றது?"

"உங்க சாமியவே."

சொன்னார்கள். சொல்லச்சொல்ல வீட்டில் முதாசிர் குறைந்தான். பொங்கலோடு இடுப்பு போயிற்று. வலி நின்றுவிட்டது என்றான். தீபாவளிக் கூட்டத்தில் தோளும் முகமும் போயின. மூட்டை காலியானபோது இடது சுண்டுவிரல் நகம் மட்டும் நாற்காலியில் இருந்தது. ஒரு கொட்டையைச் சித்திகா பல்லால் கடித்து வாயில் அடக்கியிருந்தாள்.

"துப்புங்க மாமி."

சித்திகா தலையாட்டி மறுத்தாள்.

"சரி. அது உங்க பங்கு."

நகத்துக்கு மனைவி கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஃபஹீமா இத்தாவை இருந்து முடித்து, கூடுவாஞ்சேரியில் வீடு பிடித்துப் போனாள். சித்திகா அதற்குப்பின் யாரிடமும் பேசுவதில்லை. நகம் வளர்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ பாங்குக்கு முன் அவள் அதை வெட்டிவிடுகிறாள்.